போகும் அளவு

யார்க்டன், சஸ்காச்சுவான். ஜனவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
எடைமேடைக்கு வெளியே பதினாலு லாரிகள்
கனோலா ஏற்றிக்கொண்டு
இன்ஜினை அணைக்கப் பயந்து நிற்கின்றன.
உள்ளே திரை கடைசியாகப் பார்த்த எண்ணிலேயே உறைந்திருக்கிறது:
நாற்பத்தோராயிரத்து இருநூறு கிலோ.
யாருடைய லாரி அது என்று இப்போது எவருக்கும் தெரியவில்லை.

ரெஜைனாவிலிருந்து ஓட்டி வந்தேன்.
வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்,
ஆனால் தொலைவிலிருந்து நுழைகிற வாசலும்
அதே ஸ்டோரேஜுக்குள்தான் இருந்தது.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டியது யார்?
நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு.

மூன்று ஹோஸ்ட்டுகள், ஒரே ஸ்டோரேஜ் பெட்டி.
டேட்டாஸ்டோரின் பெயர் சாம்பல் நிறத்தில் சாய்ந்து கிடக்கிறது,
பக்கத்தில் ‘அணுக முடியவில்லை’.
அதை நம்பியிருந்த இருபத்தாறு இயந்திரங்களும்
செத்துவிடவில்லை, அதுதான் கொடுமை.
பாதி வாக்கியம் வாயில் இருக்கிறது
மீதி வட்டில் இருக்கிறது.
ஒன்றைக் கொல்லச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன்.
சாகவில்லை.
பதிலுக்குக் காத்திருப்பதைக் கொல்ல முடியாது;
இதை எழுதியவர்கள்
அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிங் அனுப்பினேன். பதில் வந்தது,
பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிசெகண்டில்.
நூறு அனுப்பினேன். நூறும் திரும்பின.
“அப்படியானால் நெட்வொர்க் நன்றாகத்தானே இருக்கிறது”
என்றான் ரெனாட்டோ, கையுறையைக் கழற்றாமல்.
நாற்பது நிமிடம் நானும் அதை நம்பினேன்.

அனுமதிப் பட்டியலைத் துழாவினேன்.
இங்கே ரூட்டாக இருப்பவள்
அந்தப் பெட்டிக்குள் கால் வைத்ததும்
‘எவருமில்லை’ என்று பதிவாவாள் என்றது ஒரு வரி.
எனக்கு யாரும் அதை விளக்க வேண்டியதில்லை.
ஆனால் போன வருடமும் அப்படித்தான் இருந்தது,
எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பெட்டியை அணைத்துப் போடலாமா என்றான்.
வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான்.
இல்லை.

மூன்று மணிக்கு ஞானவேலிடமிருந்து:
சேர்ந்தாச்சா?
ம்.
ரோடு?
பரவாயில்லை.
தூங்கு.
நீயும்.

எட்டு மாதமாக எங்களுக்குள்
இந்த அளவுதான் போகிறது, இந்த அளவுதான் வருகிறது.
கேட்கிறவர்களிடம் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்கிறோம்,
கேட்டதற்கெல்லாம் பதில் வருகிறதே.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு நிமிர்த்தி மறுபடி படித்தேன்.
அந்த நூறு பிங்கும் எவ்வளவு பெரிது?
ஐம்பத்தாறு பைட்.

துண்டாக்காதே என்று சொல்லி
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு பைட்டில்
ஒன்றை அனுப்பினேன்.

ஒன்றும் இல்லை.

இன்னொன்று.
இல்லை. மறுப்பும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.
வழியில் யாரோ வாங்கி
சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள்.

“நேற்று யாராவது எதையாவது மாற்றினீர்களா?”
ரெனாட்டோ யோசித்தான்.
மின்விசிறி கத்துகிறதென்று சாயங்காலம் டேல்
பழைய ஸ்விட்சைக் கழற்றிவிட்டு
அலமாரியில் கிடந்ததை மாட்டினாராம்.
நல்ல ஸ்விட்ச்தான். பச்சை விளக்கெல்லாம் எரிகிறது.
ஆயிரத்து ஐநூறுக்கு மேல் வாங்காது, அவ்வளவுதான்.

ஒரு வரி. என்டர்.
சாம்பல் எழுத்து கறுத்து நிமிர்ந்தது.
இருபத்தாறும்
தாங்கள் ஆறு மணி நேரம் இல்லாமல் போனதை அறியாமல்
விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தன.
எடைமேடைத் திரை பூஜ்யத்துக்கு வந்தது.
முதல் லாரி பனியை நொறுக்கிக்கொண்டு ஏறும் சத்தம்
சுவர் தாண்டிக் கேட்டது.

காருக்கு வந்து, கண்ணாடியைச் சுரண்டாமல்,
அவனுக்கு எழுதத் தொடங்கினேன், நீளமாக.
விரல் மரத்துப்போகும் வரை எழுதிவிட்டு
மேலே போய் ஒரு வரி சேர்த்தேன்:
உன் பக்கம் எவ்வளவு கொள்ளும்?

அனுப்பவில்லை இன்னும்.
பிளாக் ஹீட்டரைச் செருக மறந்திருந்தேன்.
சாவியைத் திருப்பினால்
முனகுகிறது வண்டி, நிற்கிறது,
மறுபடி முனகுகிறது.